பாறைக்கு வந்த ஓடிபி

ஓடிபி பாறைமேல் வந்திருந்தது. சர்வர் கீழே கட்டடத்துக்குள் இருந்தது. இரண்டுக்கும் நடுவே முந்நூறு அடிச் சரிவு, ஒரு முள்வேலி, ஒரு நாய். ஓடிபியின் ஆயுள் சரியாக இரண்டு நிமிடம். தனசேகரன் இறங்கி ஓடிவந்து நாற்காலியில் விழுந்தபோது இரண்டு நிமிடமும் பதினொரு விநாடியும் ஆகியிருந்தது.

"காலாவதியாகிவிட்டது. மீண்டும் முயலவும்" என்றது திரை.

மீண்டும் முயல்வது என்றால் மீண்டும் பாறைக்கு ஏறுவது. காலையிலிருந்து ஐந்து தடவை ஏறியாகிவிட்டது. முழங்கால் இரண்டும் இனி எங்களால் ஆகாது என்று சொல்லிவிட்டன.

ஜவ்வாது மலையில் சாமைப்பாறைத் தொலைபேசி நிலையத்துக்கு அவர்தான் டெக்னீஷியன், அவர்தான் அதிகாரி, பெரியம்மாள் லீவு போட்டால் பெருக்குகிறவரும் அவர்தான். தொலைபேசி நிலையத்துக்குள் செல்போன் சிக்னல் கிடையாது என்பதை அவர் வெளியாட்களிடம் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிக்னல் வேண்டுமானால் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறி, செங்கம் பக்கம் முகத்தைத் திருப்பி, கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும்.

பழைய எக்ஸ்சேஞ்சில் இந்தத் தொல்லை ஒன்றும் இருந்ததில்லை. செம்புக் கம்பி, ஒரு பூட்டு, ஒரு சாவி. அதற்கு இருந்த ஒரே எதிரி எலி. கம்பி திருடுகிறவனும் மலையேறித்தான் வரவேண்டும். ஏறிவந்த களைப்பிலேயே பாதிப் பேர் மனம் மாறித் திரும்பிவிடுவார்கள். போன மாதம் அதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, பேச்சை இன்டர்நெட் வழியாக அனுப்புகிற புது சர்வர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூடவே சென்னையில் இரண்டு நாள் பயிற்சி. இனிமேல் திருடன் மலையேற வேண்டியதில்லை, எந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டும் சாமைப்பாறைக்குள் நுழையலாம், நம்முடைய லைனில் உலகத்துக்கே போன் போடலாம், ஆஸ்பத்திரிக்குப் போகிற அழைப்பை வேறெங்காவது திருப்பிவிடலாம் என்று அங்கே பயமுறுத்தி அனுப்பினார்கள். ஆகவே பாஸ்வேர்டு, அதற்குமேல் ஓடிபி, அதற்கும்மேல் ஒரு பாதுகாப்பு மென்பொருள். அந்த மென்பொருளை ஏற்றி முடித்தால்தான் நிலையத்துக்குச் சான்றிதழ்.

தனசேகரனுக்குச் சான்றிதழின் மேல் பிரியம் ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது கண்ணமங்கலம். மனைவி கோகிலவாணியும் இரண்டு பெண்களும் அங்கே இருந்தார்கள். நாலு வருஷமாகச் சனிக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை ஏறிக்கொண்டிருந்தார். சின்னவள் பள்ளிக்கூடத்தில் "எங்க அப்பா சனி ஞாயிறுக்கு மட்டும்" என்று சொல்லிவைத்திருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு மலையே கசந்துபோயிற்று.

இடமாற்ற ஆர்டர் இதற்கு முன் இரண்டு தடவை வந்து வீணாகிவிட்டது. அவருக்குப் பதிலாக இந்த மலைக்குப் போட்ட ஒருவருக்கு ஆர்டரைப் படித்ததும் முதுகுத்தண்டு நகர்ந்துவிட்டது. இன்னொருவருக்கு மாமியார் படுத்துவிட்டார். இது மூன்றாவது ஆர்டர். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் வர வேண்டும், மாற்று ஆள் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளி தாண்டினால் அடுத்த இடமாற்றம் அடுத்த வருஷம். ஆள் வருவதும் வராததும் கடவுள் விட்ட வழி, சான்றிதழாவது என் கையில் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இன்று செவ்வாய்.

சென்னைத் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்த வெண்ணிலா மேடத்துக்கு மேஜை போனிலிருந்து பேசினார்.

"மேடம், ஓடிபிய இந்த போன்லயே சொல்லிடுங்களேன். வசதியா இருக்கும்."

"ஓடிபிய யாரும் வாயால சொல்லக் கூடாது சார். அதுதான் செக்யூரிட்டியே."

"செல்லுல வந்தா சிக்னல் இல்லீங்க மேடம்."

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுலயா சிக்னல் இல்ல?"

சிரிக்கிற சத்தம் கேட்டது. தனசேகரன் போனை வைத்துவிட்டார்.

பெருக்கிக்கொண்டிருந்த பெரியம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள். அவள் இந்த மலைக்காரி. ஏழு வருஷமாக நிலையத்தில் வேலை பார்ப்பவள், ஐந்து தடவையும் இவர் விழுந்தடித்து ஓடிவந்ததைப் பார்த்தவள்.

"இன்னாத்துக்கு சார் நீங்க ஓடிக்கினு கெடக்குறீங்க? செல்ல எங்கிட்ட குடுங்க. நான் பாறமேல நிக்கிறேன். நம்பரு வந்தா கூவுறேன். நீங்க குந்திக்கினே தட்டுங்க."

"இங்க வரைக்கும் கேக்குமா?"

"சாமக்காட்டுல கரடி எறங்கிச்சின்னு நான் கூவுனா, அந்தக் கரடிக்கே கேக்கும் சார்."

இப்படி ஒரு யோசனை தனக்கு ஏன் காலையிலேயே வரவில்லை என்று தனசேகரன் தன்னையே நொந்துகொண்டார். பெரியம்மாள் பாறைமேல் ஏறினாள். இவர் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு விரலைத் தயாராக வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் போயிற்று.

"நாலூ... ஒம்போதூ... ஏழூ... ஒண்ணூ... ரெண்டூ... ஆறூ..."

தட்டினார். திரை பச்சையாயிற்று. மென்பொருள் ஏற ஆரம்பித்தது. வெளியே மறுபடியும் "நாலூ... ஒம்போதூ..." என்று கேட்டது. எதிரொலி என்று நினைத்தார். எதிரொலி ஆண்குரலில் வந்தது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் மெலிதாக, அதே எண் மூன்றாம் தடவை கேட்டதும் உறைக்கவில்லை.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பாறைமேல் நின்று யாராவது கூவினால் அது சாவு, கரடி, காட்டுத்தீ, திருவிழா, இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். கேட்டவர்கள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கூவிச் சொல்ல வேண்டும். காதில் விழுந்தும் சொல்லாமல் இருந்தவனை ஊரில் மதிக்க மாட்டார்கள். போனெல்லாம் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை, ஏனென்றால் போன் பாதி நாள் வேலை செய்யாது.

கால் மணி நேரத்தில் மேஜை போன் அடித்தது. வெண்ணிலா மேடம்தான்.

"பரவால்லியே சார், லாகின் பண்ணிட்டீங்களே. ஓடிபி வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல மேடம்" என்றார் தனசேகரன். அது சத்தியமான உண்மை.

அப்போதுதான் எதிர்ச் சரிவில் சாமை அறுத்துக்கொண்டிருந்த சின்னக்குழந்தை என்கிற ஊர்க்காரர், கையில் அரிவாளும் பின்னால் எட்டுப் பேருமாக மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"இன்னா சார், நாலு ஒம்போது ஏழு ஒண்ணு ரெண்டு ஆறுன்னு கூவுனாங்களே. யாரு செத்தது?"

அது போன் வழியாகச் சென்னைக்கும் கேட்டுவிட்டது.

"சார், பின்னாடி யாரு?" என்றார் வெண்ணிலா.

"ஊர்க்காரரு மேடம். சும்மா வந்திருக்காரு."

"அந்த நம்பர் எத்தனை பேருக்குத் தெரியும்?"

சின்னக்குழந்தைக்கு அது தன்னைக் கேட்ட கேள்வியாகப் பட்டது. போன் பக்கம் குனிந்து, "ஆறு ஊருக்கும் சொல்லிட்டோம்மா. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

ஏறிக்கொண்டிருந்த மென்பொருள் பாதியில் நின்றது. சென்னையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

"இப்பிடி ஒரு நிலையத்துக்குக் கண்ண மூடிக்கிட்டு சர்டிபிகேட் தர முடியாது சார்" என்றார் வெண்ணிலா. "வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க ஆளு ஒருத்தர் சோதனைக்கு வருவார். எந்த வேஷத்துலயும் வருவார். எதையாவது சொல்லி சர்வர் ரூமுக்குள்ள நுழையப் பார்ப்பார். அடையாள அட்டை காட்டுவார், ஆர்டர் காட்டுவார், என் பேரைக்கூடச் சொல்வார். எதையும் நம்பாதீங்க. உள்ள விட்டீங்கன்னா சர்டிபிகேட் கிடையாது, உங்க இடமாற்றமும் கிடையாது."

தனசேகரன் அன்றைக்கே கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டார்.

புதன்கிழமை காலை ஒரு ஆள் தோளில் ஏணியோடு வந்தான். கரண்டு ஆபீசிலிருந்து வருவதாகச் சொன்னான்.

"கெள ஒடிஞ்சி லைன் மேல சாஞ்சிக்கினு கீது சார். உள்ள மெயின ஆஃப் பண்ணிட்டு எடுத்துட்றேன். பத்து நிமிசம்."

"வழக்கமா வர்றது அசோக்குமாராச்சே."

"அவுரு லீவுங்க. வூட்ல விசேசம்."

"நல்லா சோடிச்சிக்கினு வந்துருக்கீங்க" என்று தனசேகரன் சிரித்தார். "ஏணி ரொம்பப் புதுசா இருக்குது. போய்ட்டு வாங்க."

அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். பத்தரை மணிக்குக் கிளை முழுசாக ஒடிந்து விழுந்தது. கரண்டு போயிற்று. தனசேகரன் ஜெனரேட்டரைப் போட்டார். அது சர்வரைத் தாங்கும், ஏசியைத் தாங்காது.

பன்னிரண்டு மணிக்கு ஒருவர் கைப்பையோடு ஏசி மெக்கானிக் என்று வந்து நின்றார்.

"ரூம் சூடாயிட்டு இருக்குன்னு சென்னையில தெரிஞ்சிருக்கு சார். வெண்ணிலா மேடம்தான் அனுப்பினாங்க."

"பேரு வரைக்கும் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க பாரு" என்றார் தனசேகரன். வேலிக்கு வெளியே வரைக்கும் கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார். இவர்தான் அந்தச் சோதனைக்காரரா, ஏணிக்காரனா, இனிமேல் வரப்போகிறவரா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாததால் எல்லோரையும் துரத்துவது என்று முடிவு செய்துகொண்டார்.

பிற்பகலில் அறை கொதித்தது. சர்வர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பெரியம்மாள் வீட்டிலிருந்து முறத்தை எடுத்துவந்து விசிறினாள். காலையில்தான் அந்த முறத்தில் சாமை புடைத்திருந்தாள். இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்த உமியெல்லாம் பறந்து சர்வருக்குள் போனது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டவர்களுக்கு ரேஷன் கடை கிடைத்தது. ரேஷன் கடைக்குப் போட்டவர்களுக்கு நர்ஸ் மருந்து சொன்னார்.

"அந்த ஏசிக்காரர உட்டிருக்கலாம் சார்" என்றாள் பெரியம்மாள்.

"உட்டா நான் கண்ணமங்கலம் போவ முடியாது. நீ விசுறு."

தனசேகரன் பெயின்ட் அடிக்கும் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு உமியாக வெளியே எடுத்தார். நாலு வருஷப் படிப்பும் இருபது வருஷ சர்வீசும் இதற்குத்தானா என்று அவருக்கு அழுகையே வந்தது.

வியாழக்கிழமை பகல் பஸ்ஸில் பெட்டிக்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, வழவழவென்று சவரம், ஒரு கையில் பெரிய பெட்டி, இன்னொரு கையில் போளூர்க் கடை ஸ்வீட் பாக்ஸ். ஏணிக்காரனும் ஏசிக்காரனும் தகரம், இதுதான் அசல் என்று தனசேகரனுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"வணக்கம் சார். தனசேகரன் சார்தானே? கண்ணமங்கலத்துல வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"என் வூடு கண்ணமங்கலம்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"விசாரிச்சேன் சார்."

"இன்னாத்துக்கு விசாரிச்சீங்க?"

"உங்களப் பத்தித் தெரிஞ்சிக்கலாமேன்னுதான்." அவர் ஸ்வீட் பாக்ஸை நீட்டினார். "உள்ள வரலாங்களா? சர்வர ஒருவாட்டி பாத்துட்டா மத்தத பொறுமையா பேசிக்கலாம். ஆர்டர் கூட கையோட எடுத்தாந்திருக்கேன்."

"எடுத்தாந்திருப்பீங்கன்னு தெரியும்."

"ஒருவாட்டி படிச்சிப் பாருங்க சார்."

"படிக்க மாட்டேன். பேப்பர் யார் வேணாலும் அடிக்கலாம். கெளம்புங்க."

ஸ்வீட் பாக்ஸை வாங்கி நாய்க்குப் போட்டார். நாய் அத்தனையும் தின்றுவிட்டுப் பெட்டிக்காரர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவே தனசேகரனுக்கு எரிச்சலாக இருந்தது.

"சாயங்காலம்தான் சார் பஸ்சு. நான் எங்க போவேன்?"

"அத வர்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

பெட்டிக்காரர் போகவில்லை. புளியமரத்தடியில் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அரை மணிக்கு ஒருதரம் எழுந்துவந்து, "சார், ஒரு வார்த்த கேளுங்க சார்" என்று ஜன்னல் பக்கம் நின்றார். தனசேகரன் ஜன்னலைச் சாத்தினார். அறையில் மறுபடி சூடேறி சர்வர் கத்தியது. ஜன்னலைத் திறந்தால் பெட்டிக்காரர், மூடினால் சர்வர். கடைசியில் தனசேகரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியம்மா, பாறைக்குப் போ."

"நம்பரு வந்துச்சா சார்?"

"நம்பரு இல்ல. பெட்டிக்காரன் ஒருத்தன் வந்துருக்கான், யாரும் சேக்காதீங்க, தண்ணி கூட குடுக்காதீங்கன்னு கூவு."

"பாவமா இருக்குது சார். நல்லவராட்டம் கீறாரு."

"அதான் அவங்க வேலையே."

பெரியம்மாள் ஏறிக் கூவினாள். எதிர்ச் சரிவு வாங்கிக் கூவியது. அதற்கப்பால் இருந்த ஊரும் கூவியது. செவ்வாய்க்கிழமை அவரை அவமானப்படுத்திய அதே வழக்கம் இன்றைக்கு அவருக்காகச் சேவகம் செய்ததில் தனசேகரனுக்குப் பெருமையாக இருந்தது. ஆறு ஊருக்கும் ஒரே பாதுகாப்பு மென்பொருளை ஏற்றிவிட்ட திருப்தி.

பெட்டிக்காரர் டீ குடிக்க செல்லி கடைக்குப் போனார். செல்லி அடுப்பை அணைத்துவிட்டாள். குழாயடிக்குப் போனார், குடத்தைக் குறுக்கே வைத்தார்கள். பக்கத்து ஊரில் ஒதுங்கலாம் என்று நடந்தார், அங்கே அரிவாளோடு சின்னக்குழந்தையும் எட்டுப் பேரும் நின்றார்கள். யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. பெட்டியை மட்டும் மரியாதையாகத் தூக்கி, சாயங்கால பஸ்ஸில் ஏற்றி, அவரையும் பின்னால் ஏறச் சொன்னார்கள்.

பஸ் நகரும்போது அவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேட்டிருக்கலாம் சார்" என்றார்.

"கேட்டிருந்தா மாட்டியிருப்பேன்" என்றார் தனசேகரன்.

செல்லி அடுப்பைத் திரும்பப் பற்றவைத்து அவருக்கு ஸ்பெஷலாக ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். நாலு வருஷத்தில் அந்த மலையில் குடித்த டீயிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெண்ணிலா மேடம் பேசினார்.

"எங்க ஆளோட ரிப்போர்ட் வந்துடுச்சு சார். வேலிக்கு வெளிய வரைக்கும் வந்து துரத்தினீங்களாம். இந்த வருஷம் நாங்க சோதனை பண்ணின முப்பது நிலையத்துல உள்ள விடாதது நீங்க ஒருத்தர்தான். நான் நினைக்கவேயில்ல."

"நம்ம கடமைதானே மேடம்."

அவரே சென்னையிலிருந்து மிச்ச மென்பொருளையும் ஏற்றிவிட்டார். மதியத்துக்குள் சான்றிதழ் வந்துவிட்டது. தனசேகரன் தானே நடந்துபோய் ஏணிக்காரனைக் கூட்டிவந்து, டீ வாங்கிக் கொடுத்து, கிளையை எடுக்கச் சொன்னார். கரண்டு வந்தது, ஏசி ஓடியது, ஆஸ்பத்திரிக்குப் போட்டால் ஆஸ்பத்திரியே கிடைத்தது. எதுவும் மிச்சமில்லை.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"இந்த வாட்டியாவது நெசமா வர்றீங்களா?" என்றாள் கோகிலவாணி.

"சர்டிபிகேட் கைக்கு வந்துடிச்சி. மாத்து ஆளு சாயங்கால பஸ்சுல வந்துருவாரு. கையெழுத்து வாங்கிக்கினு அதே பஸ்சுல ஏறிட்றேன்."

"அவுரும் முதுகு வலின்னு உக்காந்துட்டாருன்னா?"

"இல்லடி. முந்தாநாளே ஹெட் ஆபீசுல கேட்டேன். இவுரு கண்டிப்பா வருவாருன்னாங்க."

"சின்னவ நம்ப மாட்டேங்குறா. வெள்ளிக்கெழம எப்பிடி அப்பா வருவாருன்னு கேக்குறா."

தனசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். "வாசல்லயே நிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நாலு மணிக்கெல்லாம் பையைக் கட்டி, சாவிக்கொத்தையும் பொறுப்பு ஒப்படைக்கும் தாளையும் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டார். தன் கையெழுத்தைப் போட்டு, எதிர்ப்பக்கம் வரப்போகிறவருக்கு இடம் விட்டிருந்தார். அவருக்காகப் பாறையைப் பற்றியும் பெரியம்மாளின் குரலைப் பற்றியும் அரைப்பக்கம் எழுதிக்கூட வைத்திருந்தார். பெரியம்மாளும் செல்லியும் வழியனுப்ப வந்து நின்றார்கள். சின்னக்குழந்தை ஒரு பை நிறையச் சாமை கொடுத்தார்.

ஐந்தேகாலுக்குப் போளூர் பஸ் வந்தது. சந்தைக்குப் போய்வந்த பெண்கள் நாலு பேர் இறங்கினார்கள், காலிச் சாக்குக்கட்டு ஒன்று இறங்கியது. பின்படியில் யாரும் இல்லை. தனசேகரன் பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு இறங்கினார். கண்டக்டர் சக்கரவர்த்தி விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"யாரத் தேடுறீங்க சார்?"

"எங்க ஆபீஸ் ஆளு ஒருத்தரு வரணும் சக்கரவர்த்தி. என் எடத்துக்கு. போளூர்ல பஸ்ஸ உட்டுட்டாரா, இன்னான்னு தெரியல."

சக்கரவர்த்தி அவருடைய பையையும், கையிலிருந்த தாளையும், வழியனுப்ப நிற்கிற கூட்டத்தையும் ஒருதரம் பார்த்தார்.

"இன்னா சார், தெரியாத மாரி கேக்குறீங்க? நேத்து ஊரே சேந்து பஸ் ஏத்தி உட்டீங்களே பெட்டிக்காரரு, அவுருதான சார் உங்க எடத்துக்குன்னு ஆசயா கேட்டு வாங்கிக்கினு ஒரு நாள் முன்னாடியே வந்தவரு, இந்த மலை வேணாம்னு என் பேனாவ வாங்கி எழுதி போளூர்லயே தபால்ல போட்டுட்டுப் போய்ட்டாரு."